சுண்ணக்கட்டியால் வரைந்த மேசை

சென்ற சனிக்கிழமை சன்னல் திரைக்குத் துணி எடுக்க உங்கள் கடைக்குப் போனேன். உங்கள் மருமகன் ஒரு சுருளை எடுத்துப் பலகைமேல் உருட்டிப் பிரித்தார். கஞ்சியும் கற்பூரமும் கலந்த புதுத்துணி வாசனை எழுந்தது. உடனே உங்களைத்தான் கேட்டேன். அவர் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு, "மாமா மவுத்தாயி மூணு மாசம் ஆச்சும்மா. சொல்லி அனுப்பணும்னு நெனச்சோம், வீடு தெரியலை" என்றார். வெள்ளைத் துணி வாங்கப் போனவள் நீலத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். அப்படிப்பட்ட பிழையை நான் செய்கிறவள் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும்.

லாபுத் தோட்டத்து ஆபீசில் என் கணவர் பெரிய கிராணியாக, கணக்கர்களுக்கெல்லாம் தலைவராக இருந்த காலம். ரப்பர் நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் பழைய பலகை வீட்டின் அத்தாப்பு ஓலைக் கூரையைப் பிரித்து ஓடு போட்டு, முன்பக்கம் ஒரு பெரிய கூடத்தையும் சேர்த்துக் கட்டித் தந்தார் தோட்டத்துத் துரை. உள்ளே எப்படி இருக்க வேண்டும் என்பதை எங்களிடம் விட்டுவிட்டார். சிரம்பானில் திரைச்சீலையும் பாயும் விளக்கும் விற்கும் ஒருவர், முன்பு கப்பல்களில் அறை அமைத்தவர், துரைமார் பங்களாக்களுக்குப் போய் அறைகளையே வேறாக அமைத்துத் தருகிறார் என்று கேள்விப்பட்டு உங்களை வரவழைத்தது நான்தான்.

நீங்கள் துருக்கித் தொப்பியும் கக்கத்தில் குடையுமாக ரயிலில் வந்து இறங்கினீர்கள். வந்தவர் எதையும் அளக்கவில்லை. கூடத்தின் மூலையில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, யார் எந்த வாசலில் நுழைந்து எந்த வாசலில் போகிறார்கள் என்று பகல் முழுதும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. வேலையை எப்போது தொடங்கப்போகிறீர்கள் என்று கேட்டேன்.

"தொடங்கிட்டேன்மா" என்றீர்கள்.

எனக்கு வேண்டியது என்ன என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. பினாங்கில் நான் படித்த கன்னியர் மடத்தில், விருந்தினர் கூடத்தின் நடுவில் ஒரு வட்ட மேசை இருந்தது. அதன்மேல் பின்னல் விரிப்பும் ஒரு பூச்சாடியும், சுற்றி ஆறு நாற்காலிகளும். அப்பா பார்க்க வரும் நாளில் மட்டுமே எங்களை அங்கே உட்கார விடுவார்கள். எனக்கென்று ஒரு கூடம் அமைந்தால் அது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பன்னிரண்டு வயதிலேயே முடிவு செய்திருந்தேன். அதோடு, வேலை முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேநீருக்கு வருவதாகத் துரைசானி வாக்குக் கொடுத்திருந்தாள். கிராணி வீட்டுக்குத் துரைசானி வருவது அந்த வட்டாரத்தில் அதுவரை நடந்ததில்லை.

நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு, புதுச் சிமெண்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் அத்தனை சாமானையும் அதனதன் அளவிலேயே வரைந்தீர்கள். நடுவில் மேசைக்கு ஒரு வட்டம், சுற்றி ஆறு சதுரம். ஒரு வாரம் இந்தக் கோடுகளோடு குடியிருக்க வேண்டும், கோட்டை மிதிக்காமல் வளைந்து போக வேண்டும், எங்கே கால் தடுமாறுகிறதோ அங்கே சாமான் கூடாது என்று விளக்கினீர்கள். அடுப்படியில் உதவிக்கு வரும் முனியம்மா துடைப்பத்தோடு வந்து திகைத்து நின்றாள்.

"ஏம்மா, இந்த இல்லாத மேசைக்கு அடியிலயும் கூட்டணுமா?"

"கூட்டாதே தாயி. மேசை அழிஞ்சிரும்" என்றீர்கள். அதன்பின் அவள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு வட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் போனாள். நானும் வளைந்தே நடந்தேன். ஒழுங்கு என்றால் எனக்குப் பிடிக்கும்.

மூன்றாம் நாள் மாலை என் கணவர் ஆபீசிலிருந்து வந்தார். இன்னும் விளக்கு ஏற்றவில்லை. வாசலில் நுழைந்தவர் நேராக வட்டத்துக்குள் நடந்து, இரண்டு நாற்காலிகளை மிதித்து, கோட்டைச் சப்பாத்தால் அழித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். மேசைமேல் ஏறிப் போகிறீர்களே என்று நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. அதை நான் கவனித்தேன். ஏன் என்றுதான் யோசிக்கவில்லை.

அதற்கடுத்த நாள் வட்டம் நடுவில் இல்லை, சுவரோரம் இருந்தது. நாற்காலி, அலமாரி, தையல் இயந்திரம் எல்லாமே சுவரோரம் போய்விட்டன. கதவு ஓரங்களுக்கு வெள்ளைச் சாயம் அடிக்கச் சொன்னீர்கள். படுக்கையறையிலிருந்து கூடத்தின் வழியாக முன்கதவு வரை, சுவரில் இடுப்புயரத்துக்கு ஒரு மரச்சட்டத்தை ஓடவிட்டீர்கள். எனக்கு அது சத்திரத்துச் சுவர்போலத் தெரிந்தது. இது எதற்கு என்று கேட்டேன். சீமையில் இப்போது இதுதான் வழக்கம் என்றீர்கள். மறுநாள் கேட்டபோது, நாற்காலி உரசிச் சுவர் கெடாமல் இருக்க என்றீர்கள். அதற்கும் மறுநாள் ஈரக்கசிவை மறைக்க என்றீர்கள். ஒரு கேள்விக்கு மூன்று பதில் சொல்பவரிடம் உண்மையான பதில் இல்லை என்று மடத்திலேயே கற்றிருந்தேன். உங்களுக்குப் பொய் சொல்லவே வரவில்லை.

அன்று நான் சொன்னது இது: "நீங்க கப்பல்ல அறை அடைச்சுப் பழகினவர். குடும்பம் நடக்கிற வீடு உங்களுக்கு எங்கே தெரியும்?"

உங்கள் மனைவியும் பிள்ளைகளும் கடலுக்கு அப்பால் நாகப்பட்டினத்தில் இருந்தார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். நீங்கள் சுண்ணக்கட்டியைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனீர்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தொழுகைக்காகச் சிரம்பானிலேயே தங்கிவிட்டீர்கள். ஊருக்குத் திரும்பிய ஒரு துரையின் பங்களாவிலிருந்து வாங்கிய வட்ட மேசை மாட்டுவண்டியில் வந்து வராந்தாவில் நின்றுகொண்டிருந்தது. நானும் முனியம்மாவும் அதை உருட்டிக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் நிறுத்தினோம். நானே பின்னிய விரிப்பைப் போட்டு, பூச்சாடியை வைத்து, தூர நின்று பார்த்தேன். மனம் நிறைந்திருந்தது.

அந்தி நேரத்தில் பெரிய சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து ஓடி வந்தேன். பூச்சாடி உடைந்து கிடந்தது. ஒரு நாற்காலி கவிழ்ந்திருந்தது. அவர் நெற்றியிலிருந்து இரத்தம் வழிய, மேசையின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இங்க என்ன இருக்கு?" என்று கேட்டார்.

தரையில் உட்காரவைத்துத் துணியால் நெற்றியைக் கட்டினேன். அதன் பிறகே எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு வருடமாக மாலைக்கண். வெளிச்சம் குறைந்தால் ஒன்றும் தெரிவதில்லை. விடியுமுன் இருட்டில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டில், பதில் சொல்லும் குரலை வைத்தே ஆளை அடையாளம் கண்டுகொண்டிருந்தார். யாருக்காவது சளி பிடித்துக் குரல் மாறினால் அன்று அவருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளுமாம். துரைக்குத் தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் வீடும் போகும். சுண்ணாம்புக் கோட்டை அழித்து நடந்த அன்றே நீங்கள் கண்டுகொண்டு, மறுநாள் ஆபீசில் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். அவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுல அவளுக்கு மட்டும் தெரிய வேணாம் பாய்" என்றாராம்.

துரைக்குத் தெரிய வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

சனிக்கிழமை நீங்கள் வந்தபோது மேசை சுவரோரம் இருந்தது. அவர் நெற்றியில் கட்டு இருந்தது. இரண்டையும் பார்த்துவிட்டு உங்கள் வேலைப்பெட்டியைத் திறந்தீர்கள். மன்னிப்புக் கேட்பதற்கு வேண்டிய சொற்கள் எனக்கு மூன்று மொழிகளில் தெரியும்.

"அந்தச் சட்டத்தை வராந்தா படிக்கட்டு வரைக்கும் கொண்டு போங்க பாய்" என்றேன்.

"சரிம்மா" என்றீர்கள். முந்தாநாள் சொன்ன அதே குரலில்தான்.

துரைசானி வந்தாள். கையுறை அணிந்த கையால் அந்தச் சட்டத்தை நெடுகத் தடவிப் பார்த்து, இதை யார் செய்தது, தன் ஊர் வீடுபோல இருக்கிறதே என்று வியந்தாள். உங்கள் பெயரைச் சொன்னேன். மறுநாளிலிருந்து விடியற்காலையில் லாந்தரை எடுத்துக்கொண்டு பெரட்டுக் களம் வரை நானும் அவரோடு நடந்தேன். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று சொல்லிவைத்தேன். "கிராணியம்மாவுக்கு இந்நேரத்துல என்ன உலாத்து?" என்று தொழிலாளர் லயத்துப் பெண்கள் சிரித்தது காதில் விழும். ஒன்பது வருடம் நடந்தோம். காய்ச்சலில் அவர் இறக்கும்வரை பெரிய கிராணியாகவே இருந்தார்.

வீட்டைக் காலி செய்யும் வாரத்தில் நீங்கள் கேள்விப்பட்டு வந்தீர்கள். கண்ணாடிக் கோப்பைகளை ஒவ்வொன்றாக வைக்கோலில் சுற்றிக் கொடுத்தீர்கள். அதுவரை வந்தவர்கள் எல்லாரும் நான் அவரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். உங்களிடம் கேட்டேன்.

"பாய், அவர் எனக்குப் பயந்தா மறைச்சார்?"

நீங்கள் மூன்று பதில் சொல்லியிருக்கலாம். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"ஆமாம்மா. பயந்தாரு."

சொல்லிவிட்டு அடுத்த கோப்பையை எடுத்தீர்கள். அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் வேறு கடையில் துணி வாங்கினேன். மறுபடி உங்களிடம் வரத் தொடங்கியபோது துணியைப் பற்றி மட்டுமே பேசினோம். குடும்பம் நடக்கிற வீடு உங்களுக்குத் தெரியாது என்று சொன்னதை ஒரு நாளும் நான் திரும்பப் பெறவில்லை. இங்கே எழுதிப் பெறுகிறேன். காலம் கடந்துவிட்டது என்பதும் தெரியும்.

இப்போது சிரம்பானில் மகன் வீட்டில் இருக்கிறேன். நான் உள்ளே வந்தால் மகனும் மருமகளும் பேச்சை நிறுத்திக்கொள்ளும் நாட்கள் உண்டு. முன்பானால் என்ன விஷயம் என்று கேட்டு, பதில் வரும்வரை விட்டிருக்க மாட்டேன். இப்போது தையலை எடுத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிடுகிறேன். சற்று நேரத்தில் பேச்சு மறுபடி தொடங்கும். சில நாள் தொடங்காது. தொடங்காத நாளில், நீங்கள் சொன்ன அந்த "ஆமாம்மா" காதில் விழும். அப்போதும் நான் எழுந்து போவதில்லை.