பதின்மூன்றாம் தளத்துக் கோயில்

நெருப்பெரிச்சல்,
புதன்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

நித்யஸ்ரீ எழுதுகிறேன். பெண்டாட்டி கையெழுத்தைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாதீர்கள். நானும் அத்தையும் சுகம். நீங்கள் சுகம் என்று உங்கள் அம்மாவிடம் போனில் சொல்கிறீர்கள், அத்தை என்னிடம் சொல்கிறார், அந்த வழியில் எனக்கும் தெரியும். என் நம்பரை நீங்கள் எடுத்து எட்டு மாதம் ஆகிறது. உங்கள் கம்பெனிக்கே ஃபிட்டராக வரும் ஜெயபாண்டி வெள்ளிக்கிழமை ஜோர்டானுக்கு விமானம் ஏறுகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் நல்ல சேதி. சண்டையைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இதைச் சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் கிணற்று விளையாட்டில் நான் பதினாறாம் தளத்தில் நிற்கிறேன். உயிரோடு. நீங்கள் மூன்று வருடம் விளையாடியும் பதினாலைத் தாண்டவில்லை என்று உங்கள் நோட்டிலேயே இருக்கிறது.

ஆமாம், நோட்டைப் படித்தேன். கம்ப்யூட்டரையும் திறந்தேன். நல்ல எண்ணத்தில் திறக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்டர் குறைந்து இங்கே என் பனியன் கம்பெனியில் வாரம் நாலு நாள்தான் வேலை. ஒரு சனிக்கிழமை காலை, நீங்கள் ஆன்லைன் ரம்மியில் பணம் தோற்றதற்கு ஆதாரம் எடுத்து அப்பாவிடம் காட்டலாம் என்று உட்கார்ந்தேன். ரம்மியும் இல்லை, ஒரு சீட்டும் இல்லை. கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகள். ஆளுக்கு ஒரு குறி, நாய்க்கு ஓர் எழுத்து, சுவரெல்லாம் புள்ளிகள். இதற்காகவா இவர் தினமும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார் என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

அப்படி என்னதான் இருக்கிறது என்று கிணற்றுக்குள் இறங்கினேன். இரண்டே நிமிடத்தில் செத்தேன். திரும்ப இறங்கினால் பழைய கிணறே இல்லை. அறைகள் வேறு, வழிகள் வேறு, சேர்த்து வைத்த சாமானில் ஒரு துரும்புகூட மிச்சமில்லை. இதென்ன அநியாயம் என்று மறுபடி இறங்கினேன். தவளையைத் தின்று செத்தேன். எண்ணெய்க் குடத்துக்குப் பக்கத்தில் விளக்கை வைத்துவிட்டு எரிந்து செத்தேன். ஒவ்வொரு தடவையும் தப்பு என்னுடையதுதான். யார் மேலும் பழி போட முடியவில்லை. அதுதான் என்னை எழுந்திருக்க விடாமல் பிடித்து வைத்தது. மத்தியானம் சோறு ஆறிப்போய், அத்தை வந்து எட்டிப் பார்த்து, “ஏங்கண்ணு, நீயுமா?” என்றார்.

அந்த அத்தை இப்போது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருகிறார். “அந்த நாயி எலும்புந்தோலுமா அலையுது பாரு, ஒரு வாய் போட்டாத்தான் என்ன?” என்று கேட்டார். ரொட்டியை வீசினேன். அது இன்றுவரை என் பின்னாலேயே வருகிறது. ஒன்பதாம் தளத்தில் காவல்காரர்கள் அடுப்பு மூட்டி வழியை மறித்துக்கொண்டு நின்றார்கள். நான் மூட்டையில் இருந்த மிளகாய்ப்பொடியைத் தள்ளிவிட்டுக் கத்தியைத் தேடிக்கொண்டிருந்தேன். அத்தை பொறுமையாக, “அடுப்பு எரியுதல்ல, மொளகாப்பொடிய அதுல கொட்டு சாமி, ஒருத்தன் நிக்க மாட்டான்” என்றார். சிரிக்காதீர்கள். கொட்டினேன். அத்தனை பேரும் இருமிக்கொண்டே ஓடினார்கள். அத்தை ஒன்றுமே நடக்காத மாதிரி பருப்பைப் பார்க்க எழுந்து போனார்.

என் வேலையும் வீண் போகவில்லை. பின்னும் மெஷினில் ஓர் ஊசி சரியில்லை என்றால் துணியில் மேலிருந்து கீழே மெல்லிசாக ஒரு கோடு ஓடும், பதினொரு வருடமாக அதைத்தான் நான் செக்கிங் டேபிளில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதினோராம் தளத்துச் சுவரில் அதே மாதிரி கோடு. புள்ளிகள் ஒரு வரிசையில் மட்டும் இம்மி விலகியிருந்தன. போய்த் தள்ளினேன், கதவு திறந்தது. உள்ளே ஓர் அறை நிறைய மருந்துக் குப்பிகள். இப்படி மறைவான அறை உண்டென்றே உங்கள் நோட்டில் இல்லை. நிட்டிங் மெஷின் பக்கமே நின்று துணியைப் பார்க்காமல் மெஷினையே பார்ப்பவர்களுக்கு இது எப்படித் தெரியும்?

இனி பதின்மூன்றாம் தளத்துக்கு வருகிறேன். கிணறு எத்தனை மாறினாலும் அங்கே கோயில் மட்டும் எப்போதும் உண்டு, உங்களுக்குத் தெரியும். நீங்கள் நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறீர்கள்: பூசாரிகள் கொன்றுவிடுவார்கள், உள்ளே போகவே கூடாது, முப்பத்தொரு தடவை செத்தாயிற்று. நான் அந்தப் பக்கம் வரை படிக்கவில்லை. கோயில் என்று தெரிந்ததும், காலில் போட்டிருந்த இரும்புச் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனேன். யோசித்துச் செய்யவில்லை மாமா. கோயிலுக்குள் செருப்போடு எப்படிப் போவது?

பூசாரிகள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு ஒவ்வொருவராக விலகி வழி விட்டார்கள். கீழே இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. கூட்டிக் கூட்டிப் படித்தேன். ‘வெறுங்காலோடு வந்தவரே, உமக்காக வெகுகாலம் காத்திருந்தோம்.’

நான் போட்ட சத்தத்தில் அத்தை கரண்டியோடு ஓடி வந்தார். இந்த விளையாட்டைச் செய்தவர்கள் ஓர் அண்ணனும் தங்கையும் மட்டும்தான் என்று நோட்டில் எழுதியிருக்கிறீர்கள். எந்த ஊர்க்காரர்களோ. யாராவது ஒருத்தி என்றைக்காவது இந்த வாசலில் செருப்பைக் கழற்றுவாள் என்று நினைத்து, ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். யாருமே கழற்றாமல்கூடப் போயிருக்கலாம், அப்படியும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. உங்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. நீங்கள் எடுக்கவில்லை.

அப்புறம்தான் மாமா, நான் செய்த காரியம் எனக்குப் புரிந்தது. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அன்றைக்கெல்லாம் நீங்கள் என்னிடம் சொல்ல இப்படி ஏதோ ஒன்று இருந்திருக்கும். நான் கேட்கவில்லை. கம்பெனியில் ஒருவர் ரம்மியில் வீட்டையே தோற்றார் என்று கேட்டதும், நீங்களும் அப்படித்தான் என்று முடிவு கட்டினேன். “அது அதில்லீங்க மாமா” என்று நீங்கள் என் அப்பாவிடம் இரண்டு தடவை சொன்னீர்கள். நான் பேச விடவில்லை. வெள்ளகோவில் குலதெய்வக் கோயிலில், இரண்டு வீட்டுச் சனமும் பார்க்க, கற்பூரம் கொளுத்தி, இனிமேல் அந்த விளையாட்டைத் தொட மாட்டேன் என்று உங்களை அதன் மேல் கையடித்துச் சத்தியம் செய்ய வைத்தேன். செய்யாத தப்புக்கு நீங்கள் கையை ஓங்கி அடித்தீர்கள். பதினைந்தாம் நாள் ஜோர்டானுக்குப் போய்விட்டீர்கள். பதினொரு வருடத்தில் செக் செய்யாமலே நான் ரிஜெக்ட் போட்ட ஒரே பீஸ் நீங்கள்தான்.

போன அமாவாசைக்கு அதே கோயிலுக்குப் போனேன். அன்றைக்கு நின்ற அத்தனை பேரையும் போன் போட்டு வரவழைத்தேன். அப்பா, “ஊட்டுக்குள்ள பேசற பேச்ச இங்க எதுக்குக் கண்ணு?” என்றார். அன்றைக்கு இங்கேதான் பேசினேன், இன்றைக்கும் இங்கேதான் பேசுவேன் என்றேன். அவர் சூதாடவில்லை, நான் சொன்னது பொய், தப்பு என்னுடையது என்று சத்தமாகச் சொன்னேன். ஒன்று விடாமல் முழுவதும் சொன்னேன். பூசாரி ஆத்தப்பன் கற்பூரம் ஏற்றினார். சத்தியம் கேட்டது நான், அதன் பாரம் என்னோடு போகட்டும், அவரை விட்டுவிடு சாமி என்று விழுந்து கும்பிட்டேன். திரும்பி வரும் வழியில், அவிநாசிபாளையம் தாண்டியதும் அப்பா, “மாப்பிள்ளைகிட்ட நானும் ஒரு வார்த்த பேசோணும்” என்றார்.

முப்பதாம் தேதி இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போவதாக அத்தையிடம் சொன்னீர்களாம். அத்தை என்னிடம் சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். போடாதீர்கள் மாமா. பணத்துக்காகத்தான் போனேன் என்று எல்லாரிடமும் சொல்கிறீர்கள். எதற்காகப் போனீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பதினேழாம் தளத்துக்குப் படி தெரிகிறது. பத்து நாளாக நான் இறங்கவில்லை. செத்தால் எல்லாம் போய்விடும் என்ற பயம் கொஞ்சம். அதைவிட, நீங்கள் பார்க்காத இடத்தை நான் மட்டும் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள். அங்கே குளிர் அதிகம் என்று ஜெயபாண்டி சொன்னார், ஸ்வெட்டர் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நானே பார்த்துப் பொறுக்கியது. அங்கே வெள்ளிக்கிழமைதான் உங்களுக்கு லீவு என்று தெரியும். அடுத்த வாரம் வெள்ளி, நம்மூர் நேரம் மத்தியானம் மூன்று மணிக்கு நான் கூப்பிடுவேன். என்மேல் உள்ள கோபம் அப்படியே இருக்கட்டும், குறைக்க வேண்டாம். அடுத்த படியில் இறங்கலாமா, வேண்டாமா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். ஆனால் எடுங்கள்.

உங்கள்
நித்யஸ்ரீ