இருபது நிமிடம் ஆறட்டும்

3 பிப்ரவரி, திங்கள்

மறுபடியும் இரண்டு கோடு. ஒன்றுதான் வர வேண்டும். இறால் வைரஸிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ. துண்டு. இழை தன் மேலேயே மடங்கி ஒரே வடிவமாக நின்றால், மின்சாரம் பாய்ச்சும்போது ஜெல்லில் ஒரே இடத்துக்குத்தான் ஓடும். அந்த வடிவத்தைக் கம்ப்யூட்டர் அழகாக வரைந்தே தருகிறது. என் டியூபில் மட்டும் இரண்டு. பதினோராவது தடவை. சீ.

4, செவ்வாய்

துண்டு உடைந்திருக்கிறது, வேறென்ன? கையுறை இல்லாமல் தொட்டால் போதும், வியர்வையே தின்றுவிடும். தயாரித்தவள் ரெபேக்காள். கோவளம் பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு பெஞ்சில் உட்காருகிறவள். லேப் தலைவர் கல்யாணி மேடத்துக்கு மெயில் போட்டேன், அவள் பெயர் போட்டே. லேபில் எல்லாருக்கும் நகல்.

5, புதன்

மேடம் அவளைப் பெஞ்சிலிருந்து எடுத்துவிட்டார். அவள் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று வெள்ளி மூன்று மணிக்கு முடிவாம். இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டேனா? போட்டிருப்பேன்.

6, வியாழன்

ரெபேக்காள் வந்து ஜெல் படத்தைக் கேட்டாள். பார்த்தாள்.

"ஒடஞ்சிருந்தா இழுவிகினு வரும். இது ரெண்டும் ஸ்கேல் வெச்சா மாரி கீது. யூரியா ஜெல்லுல ஓட்டுனியா?"

ஓட்டவில்லை. யூரியா மடிப்பையெல்லாம் பிரித்துவிடும், நீளம் மட்டும் தெரியும். அதற்கு அரை நாள் போகும், எவன் உட்காருவது?

உட்கார்ந்தேன். ஒரே கோடு. துண்டு முழுசாக இருக்கிறது. மடிப்புதான் இரண்டு.

மடித்தது யார்? எங்கள் லேபில் மடித்தவர் டியூப் மூடியில் முதலெழுத்து எழுத வேண்டும். பதினொரு மூடியிலும் 'பி'. இழை ஒழுங்காக மடிய, சூடாக்கிய டியூபைப் பெஞ்சில் இருபது நிமிடம் ஆறவிட வேண்டும். நான் நேராக ஐஸில் செருகிக்கொண்டிருந்தேன் — பதினொரு தடவையும். பாதி இழை கிடைத்தபடி சுருண்டு அப்படியே மாட்டிக்கொண்டது.

"பஸ்ஸு நிக்கறதுக்குள்ள குதிக்கிற ஆளு தானே பிரவின் நீ" என்றாள். நான் திருக்கழுக்குன்றம் பஸ்ஸிலிருந்து குதிப்பதைப் பார்த்திருக்கிறாள் போல.

7, வெள்ளி

காலையில் ஆறவிட்டு ஓட்டினேன். ஒரே கோடு.

மாடிப்படியில் அவளை நிறுத்தி சாரி சொன்னேன்.

"மெயில ஊருக்கே அனுப்ன. சாரிய மட்டும் காதுல சொல்ற."

கோபமாக வந்தது. அவள் மேலா, என் மேலா?

இரண்டரைக்கு மெயில் போட்டேன். தவறு என்னுடையது, ஐஸில் வைத்தவன் நான், அவள் தயாரித்ததில் ஒரு குறையும் இல்லை. எல்லாருக்கும் நகல்.

17, திங்கள்

அவளுக்கு ஒரு வருடம் நீட்டித்தாயிற்று. மாடி லேபுக்கு மாற்றித் தரும்படி அவளே கேட்டிருக்கிறாள். போய்விட்டாள். துண்டு தயாரிப்பதும் இனி நானே.

டியூப் பெஞ்சில் இருக்கிறது. டைமரில் இன்னும் எட்டு நிமிடம். அதனால்தான் இதை எழுத முடிகிறது.