பூட்டை உடைத்தவள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஒரு சட்டை கருகியது. எனக்கு ஒரே சந்தோஷம்!

யாரோ பெரிய மனிதரின் வெள்ளைச் சட்டை. பூட்டை உடைக்கிற இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் நாத்தனார் வாயைப் பிளந்துகொண்டு இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேலேயே வைத்துவிட்டாள். "அண்ணி, எல்லாம் உங்களாலதான்!" என்று கத்தினாள். மேஸ்திரி இரண்டு பேரையும் திட்டினார். திட்டட்டும். நான் எழுதுகிற நாவலில் அந்த இடம் தேறிவிட்டது.

நாலாம் வகுப்போடு நின்ற கை. ஒரு பக்கம் எழுதுவதற்குள் மணிக்கட்டு விட்டுப்போகிறது. அதனால் முதலில் சலவைக்கூடத்தில் வாயால் சொல்லிவிடுவேன். எந்த இடத்தில் கேட்கிறவர்களின் இஸ்திரிப் பெட்டிகள் நிற்கின்றனவோ, அதை மட்டும் வீட்டுக்கு வந்து எழுதுவேன். நிற்காத இடம் தள்ளுபடி.

மூலை மேஜை அக்காவின் பெட்டி மட்டும் இதுவரை நின்றதே இல்லை. குனிந்த தலை நிமிராமல் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். காது கேட்குமா என்றே சந்தேகம்.

மார்ச் 9, திங்கள்

நூல் ஆலை தீப்பிடித்தது ஊரே அறிந்தது. நாற்பது வருஷம் ஆகிறது. ஏழு பெண்கள் வெளியே வர முடியாமல் செத்தார்கள். கதவை வெளியே பூட்டி வைத்திருந்தார்கள் என்று வீட்டார் அழுதார்கள். பூட்டே இல்லை, பதற்றத்தில் ஒருவரையொருவர் மிதித்துச் செத்தார்கள் என்றது விசாரணை. முதலாளி நிதானமாக வயசாகி, மெத்தையில் போய்ச் சேர்ந்தார்.

எனக்கு அது ஆறவே இல்லை. அதனால் நாவலில் ஒருத்தியை உண்டாக்கினேன். கல்லால் பூட்டை உடைக்கிறாள். உள்ளே சிக்கியவர்களில் பாதிப் பேரை வெளியே இழுத்துப் போடுகிறாள். கோர்ட்டில் முதலாளி முகத்தைப் பார்த்துச் சாட்சி சொல்கிறாள். ஐயோ, அவளை எழுதும்போது எனக்கே கை பரபரக்கிறது!

முதல் நாள் "ஒரு கதை சொல்றேன்" என்றேன். ஒருத்தியும் நிமிரவில்லை. மறுநாள் குரலைத் தாழ்த்தி, "சங்கதி தெரியுமா? அந்த ஆலையில ஒருத்தி இருந்தாளாம்..." என்று பக்கத்து வீட்டு வம்பு மாதிரி ஆரம்பித்தேன். அவ்வளவுதான், எல்லாக் காதும் என் பக்கம்.

மார்ச் 20, வெள்ளி

புத்தகம் போடுகிறார்களாம்! பதிப்பகத்து அம்மா போன் செய்தார். ஏப்ரலில் வந்துவிடும்.

வீட்டுக்காரர் கேட்டார்: "அதுல நான் வர்றேனா?"

"வர்றீங்களே. மெஷின் ஓடுற சத்தம் எல்லாம் உங்க குறட்டைதான்."

ஏப்ரல் 2, வியாழன்

ஆலை வழக்கைத் திரும்ப விசாரிக்கப் போகிறார்கள். செத்தவர்களின் வீட்டார் விடாமல் கொடுத்த மனு. பதினேழாம் தேதி, நகர மண்டபத்தில்.

அப்புறம் நாத்தனார் சொன்னாள்: "அவளைச் சாட்சிக்குக் கூப்பிடச் சொல்லி நாங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கோம்."

"எவளை?"

"பூட்டை உடைச்சவளைத்தான்!"

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. பால்காரர் அவளைப் பார்த்திருக்கிறாராம். கன்னத்தில் தழும்பாம். நான் தழும்பு வைக்கவே இல்லையே!

"அடியே, அவ என் தலைக்குள்ள இருந்து வந்தவடி."

"சும்மா இருங்க அண்ணி. உங்களுக்கு எப்பப் பாரு விளையாட்டு."

இத்தனை வருஷம் எல்லோரையும் கிண்டல் செய்ததற்குக் கூலி. நிஜத்தைச் சொன்னால் ஒரு ஆளும் நம்பவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

பதிப்பகத்து அம்மாவிடம் சொன்னேன். "நம்பிட்டுப் போகட்டுமே! நிஜக் கதைன்னா இன்னும் விக்கும். நீங்க வாயைத் திறக்காதீங்க" என்றார். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது. பொய் சொல்வானேன்.

மத்தியானம் வாட்ச் ரிப்பேர்காரர் சலவைக்கூட வாசலில் வந்து நின்றார். தீயில் தங்கையைப் பறிகொடுத்தவர்.

"அவங்க எங்க இருக்காங்கம்மா? கோபமெல்லாம் இல்ல. அத்தனை பேரை இழுத்தவங்க, என் தங்கச்சியை ஏன் விட்டாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கணும்."

ஒரு அழகுக்காகப் பாதிப் பேர் என்று வைத்தேன். மீதிப் பாதிக்கு அண்ணன் இருப்பான் என்று ஏன் தோணலை எனக்கு?

அவளைத் தேடுவார்கள். கிடைக்க மாட்டாள். அப்புறம் பூட்டும் புளுகுதான் என்று சொல்லி மூடிவிடுவார்கள். ஒரேயடியாக. என்னால!

ஏப்ரல் 17, வெள்ளி

போனேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன், திட்டு வாங்குவதானாலும் லட்சணமாக வாங்குவோம் என்று.

விசாரணை அதிகாரி காகிதத்தைப் பார்த்து, "பூட்டை உடைத்த பெண் வந்திருக்கிறாரா?" என்று கேட்டார். மண்டபமே திரும்பித் திரும்பிப் பார்த்தது. எழுந்தேன்.

"அப்படி ஒருத்தி இல்லைங்க. நான் எழுதுன நாவல்ல வர்றவ."

கசமுசா என்று சத்தம். நாத்தனார் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். வாட்ச் ரிப்பேர்காரர் என்னைப் பார்க்கவே இல்லை.

அதிகாரி மெதுவாகக் கேட்டார்: "அப்ப பூட்டும் கற்பனைதானா?"

"பூட்டு என்னோடது இல்லைங்க. திறக்க ஆள் இல்லாமப் போச்சு. அதனால ஒரு ஆளைச் செஞ்சேன்."

சொன்னேனே தவிர, ஆதாரம் எங்கே?

அப்போது பின்னால் நாற்காலி நகரும் சத்தம். மூலை மேஜை அக்கா!

"பூட்டித்தான் இருந்தது. நான் உள்ளே இருந்தேன். அன்னிக்கும் சொன்னேன். சின்னப் பொண்ணு, பயத்துல உளர்றான்னு விட்டுட்டாங்க. அப்புறம் நானும் வாயை மூடிக்கிட்டேன்."

"எப்படித் தப்பிச்சீங்க?" என்றார் அதிகாரி.

"ஜன்னல் வழியா. ஒருத்தி தோள்ல ஏத்தி விட்டா." வாட்ச் ரிப்பேர்காரர் பக்கம் கையைக் காட்டினார். "இவர் தங்கச்சி. அவளைத் தூக்கிவிடத்தான் ஆள் இல்லை."

அந்த மனுஷர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அதிகாரி பேனாவை எடுத்து, "முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா, நான் எழுதிக்கிறேன்" என்றார்.

ஏப்ரல் 18, சனி

புத்தகம் வந்தது. முகர்ந்து பார்த்தேன். வீட்டுக்காரரும் முகர்ந்து பார்த்தார்.

ஜூன் 2, செவ்வாய்

விசாரணை அறிக்கை வந்துவிட்டது. கதவு பூட்டப்பட்டிருந்தது என்று அரசாங்கமே எழுதிவிட்டது! நாத்தனார் என்னைக் கட்டிப்பிடித்து, மேஸ்திரியையும் கட்டிப்பிடிக்கப் போய், பாதியில் நின்றுவிட்டாள்.

புத்தகத்தை மறுபடி அச்சடிக்கிறார்களாம். பூட்டை உடைத்தவளை எடுத்துவிடட்டுமா என்று வாட்ச் ரிப்பேர்காரரைக் கேட்டேன். "இருந்துட்டுப் போகட்டும்மா. ஜன்னல்கிட்ட என் தங்கச்சியையும் நிக்க வையுங்க" என்றார்.

எப்படி நிற்க வைப்பது? அவளை எனக்குத் தெரியாதே.

அதனால் இன்று டீ நேரத்தில் மூலை மேஜை அக்கா பேசினார், நாங்கள் கேட்டோம். வாட்ச் ரிப்பேர்காரரும் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார்.

"சரியான சோம்பேறி அவ. நூல் அறுந்தா முடிச்சுப் போட என்னைத்தான் கூப்பிடுவா" என்றார் அக்கா.

"வீட்டுலயும் அப்படித்தான்!" என்று வாட்ச் ரிப்பேர்காரர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு ஒரு கிண்டல் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, "அப்புறம் சொல்லுங்கக்கா" என்றேன்.