உட்கார்ந்தவர்களின் பதிவு

ஜூலை 3, திங்கள்

அதே அறை, அதே நாற்காலி, சுவர் நிறையத் திரைகள். வேலை மட்டும் புதிது. இதுவரை கடையில் திருடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனிமேல் உட்காருகிறவர்களைப் பார்க்க வேண்டுமாம்.

மேனேஜர் காலையிலேயே அறைக்கு வந்துவிட்டார். "விற்பனை ஏன் படுத்துக்கிடக்குதுன்னு தெரியுமா? நம்ம ஆளுங்க உட்கார்ந்துடறாங்க. வேலை நேரத்துல யார் எங்க உட்கார்ந்தாலும் அந்தத் துண்டை வெட்டி எனக்கு அனுப்புங்க. வாராவாரம் வேணும்."

நாலு மாடிக் கடை. விற்கிறவர்களுக்கு ஒரு நாற்காலிகூடக் கிடையாது. சரக்கு அறை அட்டைப்பெட்டி, மாடிப்படி, உடை மாற்றும் அறைப் பலகை என்று எங்கேயாவது ஒரு நிமிடம் குந்துவார்கள். அவர்களைப் பிடிக்க நான் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருக்க வேண்டும். இதை மேனேஜரிடம் சொன்னால் அவருக்குச் சிரிப்பு வராது.

கடையில் எனக்குக் கண்ணாயிரம் என்று பட்டப்பெயர். ஆரம்பத்தில் அது பிடித்துத்தான் இருந்தது.

குழந்தைகள் உடைப் பிரிவில் சின்னவள் நிற்கிறாள். என் மனைவியின் தங்கை. நான் சொல்லித்தான் வேலைக்கு எடுத்தார்கள். புருஷன் கப்பலில் போயிருப்பதால் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். இப்போது ஆறு மாதக் கர்ப்பம். இந்த மாதம் முடிந்தால் வேலையில் ஒரு வருடம் நிறையும், சம்பளத்தோடு பிரசவ விடுப்பு கிடைக்கும். அதுவரை அவள் உட்காராமல் இருப்பாளா? இருக்கத்தான் முடியுமா?

ஜூலை 4, செவ்வாய்

உட்கார்ந்தாள். சரக்கு அறையில், ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு. வயிற்றில் கை வைத்து என்னவோ பேசிக்கொண்டிருந்தாள். கேமராவுக்குக் காது கிடையாது.

நான் அந்தப் பதிவை வேகமாக ஓட்டிவிட்டேன்.

ஜூலை 9, ஞாயிறு

இன்று ஆலயத்தில் போதகர் கடைசி நாளைப் பற்றிப் பேசினார். அன்றைக்குப் புத்தகங்கள் திறக்கப்படுமாம். நாம் செய்தது, சொன்னது, யாருக்கும் தெரியாது என்று நினைத்து விட்டுவிட்டது, எல்லாம் அதில் இருக்குமாம். பக்கத்தில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். எனக்கு வியர்த்தது. என் கண் முன்னால் வந்தது புத்தகம் இல்லை. ஜன்னல் இல்லாத ஓர் அறையும், அதில் அசையாமல் உட்கார்ந்து திரைகளைப் பார்க்கிற ஒருவரும்தான்.

சின்ன வயதில் இருந்தே இந்தப் பயம் உண்டு. எங்கே போய் ஒளிந்தாலும் அவருக்குத் தெரியும் என்பதை ஆறுதலாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அது கதவைச் சாத்துகிற சத்தமாகக் கேட்கும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "தப்பு கண்டுபிடிக்க அவர் என்ன உங்க மேனேஜரா? தலைமுடியெல்லாம் எண்ணி வெச்சிருக்கார்னும்தான் வேதத்துல இருக்கு. உங்க கணக்கை எப்பவோ முடிச்சிருப்பார்."

சின்னவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பில் புரை ஏறிவிட்டது. நானும் வழுக்கையைத் தடவிக்கொண்டு சிரித்தேன். ஆனால் பயம் போகவில்லை.

ஜூலை 12, புதன்

முதல் வாரத்துத் துண்டுகளை அனுப்பினேன். செருப்புப் பிரிவுக்காரர், பில் போடும் பெண், மூன்றாம் மாடியில் துடைக்கிற அம்மா. சின்னவளை அனுப்பவில்லை.

செருப்புப் பிரிவுக்காரருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. வாடிக்கையாளருக்குச் செருப்பை மாட்டிவிட்டு எழுந்திருக்க முடியாமல் அப்படியே தரையில் இருந்துவிட்டார். அவ்வளவுதான். அதை உட்கார்ந்ததில் சேர்க்கலாமா? சேர்த்தேன். சின்னவள் இல்லாத இடத்தை யாரையாவது வைத்து நிரப்ப வேண்டியிருந்தது.

ஜூலை 15, சனி

செருப்புப் பிரிவுக்காரரை நிறுத்திவிட்டார்கள். மற்ற இருவருக்கும் எச்சரிக்கையோடு போயிற்று. அவர் சாப்பாட்டுப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக நொண்டிப் போனார். ஒரு திரையில் மறைந்து அடுத்த திரையில் வந்தார். தெருவில் இறங்கிய பிறகு காணவில்லை. எங்கள் கேமரா அதுவரைதான் பார்க்கும்.

ராத்திரி மனைவியிடம் சொன்னேன். "நல்லவேளை, நம்ம சின்னவ மாட்டல" என்றாள். அப்புறம் அவளுக்கே அது பிடிக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜூலை 16, ஞாயிறு

பாவ அறிக்கை ஜெபத்தை எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். நான் வாயை மட்டும் அசைத்தேன்.

ஜூலை 20, வியாழன்

மாட்டிக்கொண்டேன்.

மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு பதிவைப் போட்டார். பார்த்தால் என் முதுகு. என் நாற்காலிக்குப் பின்னால், கூரை மூலையில் ஒரு கேமரா இருக்கிறது! இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவைகூட அண்ணாந்து பார்த்ததில்லை. என் வழுக்கை, என் கை, எனக்கு முன்னால் திரை. திரையில் சின்னவள் பெட்டியைக் கவிழ்த்து உட்காருகிறாள். என் கை மவுஸுக்குப் போகிறது. அவள் ஓடி மறைகிறாள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

"ஊர்ல இருக்கிறவன் உட்கார்ந்தா கண்ணுக்குத் தெரியுது. கொழுந்தியா உட்கார்ந்தா தெரியலையா?"

மேனேஜர் பதிவை நிறுத்தினார்.

"நாளைக்குள்ள நீங்களே அதை வெட்டிக் கொடுக்கணும். இல்லன்னா ரெண்டு பேரும் சேர்ந்தே வீட்டுக்குப் போங்க."

என் சம்பளம் போனால் வாடகை இல்லை. கொடுத்தால் அவள் விடுப்பு இல்லை. ஒரு வழியும் இல்லையே! யாரிடம் கேட்பது? மனைவியிடம் கேட்டால், தங்கையா வீடா என்று அவளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதாக ஆகும். போதகரிடம் கேட்டால் ஜெபிக்கச் சொல்வார். ஜெபித்தேன். யாரோ முதுகுக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டே இருக்கிற மாதிரி இருந்தது. பாதியில் எழுந்துவிட்டேன்.

ஜூலை 21, வெள்ளி

கொடுத்துவிட்டேன்.

ஜூலை 22, சனி

கொடுத்ததோடு விடவில்லை. சின்னவளைக் கூப்பிட்டு நிற்க வைத்து, பதிவை என்னையே போடச் சொன்னார் மேனேஜர். போட்டேன். திரையில் அவள் உட்கார்ந்திருந்தாள். திரைக்கு முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள், கால் இரண்டும் வீங்கி. ஒரு தடவை என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

பேருந்தில் இடம் கிடைத்தது. பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம். பாதி தூரம் போனதும் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "மேல நீங்கதான் இருக்கீங்கன்னு தெரியும் அத்தான். அந்தத் தைரியத்துலதான் உட்கார்ந்தேன்."

அவள் திட்டியிருக்கலாம். பேருந்து என்றும் பார்க்காமல் கத்தியிருக்கலாம். இதைச் சொன்னாளே!

இறங்கும்போது, "அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றாள்.

தூக்கம் வரவில்லை. கடவுள் பார்க்கிறார் என்ற தைரியத்தில் உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்களா? என் புத்திக்கு இது எட்டியதே இல்லை. அவர் பார்க்கிறார் என்றால் நான் துள்ளி எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு நிற்கிற ஆள். அவளோ, மேலே இருப்பது நம்ம மனுஷன் என்று செருப்பைக் கழற்றிப்போட்டிருக்கிறாள்.

ஜூலை 23, ஞாயிறு

ஆலயத்துக்குப் போகவில்லை. தலைவலி என்றேன்.

மத்தியானம் சாப்பிடும்போது மனைவி விடவில்லை. "யாருடி காட்டிக் கொடுத்தது? இவர் கண்ணு முன்னாலதானே எல்லாம் இருக்கு. இவருக்குத் தெரியாம எப்படி?"

சின்னவள் தட்டைப் பார்த்துக்கொண்டு, "புதுசா ஒரு மெஷின் வாங்கியிருக்காங்களாம்க்கா. யார் உட்கார்ந்தாலும் அதுவே பார்த்துச் சொல்லிடுமாம்" என்றாள்.

"அந்த மெஷின் நாசமாப் போக! அதுக்கு அக்கா தங்கச்சி இருக்கா, வயித்துப்புள்ளக்காரின்னு தெரியுமா?" மனைவி திட்டிக்கொண்டே என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். சின்னவள் குழம்பை என் பக்கம் தள்ளி வைத்தாள்.

தட்டை நகர்த்தி வைத்தேன்.

"மெஷின் எல்லாம் இல்ல. நான்தான்" என்றேன்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். செருப்புப் பிரிவுக்காரரையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். சின்னவளைக் காப்பாற்றத்தான் மற்றவர்களை அனுப்பினேன் என்று சொன்னபோது எனக்கே அது கேவலமாகக் கேட்டது. மனைவி எழுந்து போய்க் கை கழுவினாள். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூலை 26, புதன்

வீட்டில் பேச்சு இல்லை. "உப்பு", "சாவி", "கதவு" என்று ஒற்றை வார்த்தைகள். மூன்று பேருக்கு ஒரே அறை. ஒருவர் பெருமூச்சு விட்டால் மற்ற இருவருக்கும் கேட்கும்.

ஆகஸ்ட் 2, புதன்

வேறு வேலை தரச் சொல்லி மேனேஜரிடம் கேட்டேன். வண்டி நிறுத்துமிடத்தில் காவலுக்குப் போகச் சொன்னார். சம்பளம் குறைவு. அங்கேயும் நாற்காலி கிடையாது. "ரோஷம் பொத்துக்கிட்டு வருதோ?" என்றார். ரோஷம் எல்லாம் இல்லை. அந்த அறையில் இனி ஒரு நாள் இருந்தால் மூச்சு நின்றுவிடும் போல இருந்தது. வேலையையே விட்டெறிந்திருக்கலாம். அதற்குத் தெம்பு இல்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

கேட்டு விசாரித்து செருப்புப் பிரிவுக்காரர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் அவர் வாயில் வந்த முதல் வார்த்தை, "உட்காருங்க."

உட்கார முடியவில்லை. நின்றபடியே சொன்னேன். கடைசிவரை கேட்டார். "யாரோ எழுதிக் கொடுத்துட்டாங்கன்னு தெரியும். நீங்கன்னு தெரியாது" என்றார். பிறகு, "போயிட்டு வாங்க" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை?

மாதம் ஒன்று ஆனால் கடை இயந்திரம் பழைய பதிவின் மேலேயே புதியதைப் பதிந்துவிடும். அவர் தரையில் உட்கார்ந்திருந்தது இந்நேரம் அழிந்திருக்கும். அவர் முழங்கால் வலி எங்கே பதிவாகியிருக்கும்? அதை யார் பார்த்து வைத்திருப்பார்கள்? நான் வெட்டிக் கொடுத்த துண்டில் அவர் உட்கார்ந்தது மட்டும்தான் இருந்தது. காலை முதல் அவர் குனிந்து குனிந்து எத்தனை பேர் காலைத் தொட்டார் என்பது இல்லை. முழு நாளையும் பார்க்க மேனேஜருக்குப் பொறுமை கிடையாது. எனக்கும் கிடையாது. ஒருவருக்காவது இருக்க வேண்டும். இருந்தால், அந்தப் புத்தகத்தைத் திறக்கட்டும். முதல் தடவையாக அப்படித் தோன்றியது. என் பக்கமும் அதில் இருக்கும். இருக்கட்டும்.

செப்டம்பர் 28, வியாழன்

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். மருத்துவமனை வராந்தாவில் மனைவி என் தோளில் சாய்ந்து அழுதாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு முழு வாக்கியம் பேசினாள். "உங்க மேல கோபம் போகல, ஆனா இப்ப எனக்கு யாரையாவது பிடிச்சுக்கணும்." பிடித்துக்கொள் என்றேன்.

நவம்பர் 5, ஞாயிறு

குழந்தைக்கு ஞானஸ்நானம். ஆராதனை முடிந்ததும் செய்துவிடுவதாகப் போதகர் சொல்லியிருந்தார். வீட்டு ஆட்கள் நாலைந்து பேர்தான். கப்பல்காரர் இன்னும் வந்து சேரவில்லை. நான் வழக்கம் போலக் கடைசி வரிசையில், தூண் ஓரமாக இருந்தேன்.

"ஞானத்தகப்பன் யாரு? முன்னால வாங்க" என்றார் போதகர்.

யாரும் எழுந்திருக்கவில்லை. யாரை ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சின்னவள் குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டு நடந்து வந்தாள். என் வரிசையில் வந்து நின்றாள்.

"வாங்க அத்தான்."

"நானா? வேண்டாம்மா." குரல் எனக்கே கேட்கவில்லை. "நான் என்ன பண்ணினேன்னு உனக்குத் தெரியும். உனக்கு மறந்துபோச்சா?"

"எப்படி மறக்கும்? ஒண்ணுவிடாம ஞாபகம் இருக்கு. எல்லாம் தெரிஞ்சுதான் கூப்பிடறேன். எழுந்திருங்க."

எல்லாம் தெரிந்த ஒருவர் என்னைக் கூப்பிடுவார் என்று நான் நினைத்ததே இல்லை. தெரிந்தால் கைவிடுவார்கள், தெரியாதவரைதான் கூப்பிடுவார்கள் என்றுதான் இத்தனை வயதுவரை இருந்தேன். முன்னால் மனைவி குழந்தையோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரச்சொல்லித் தலையை அசைத்தாள்.

போனேன். குழந்தையை என் கையில் கொடுத்தார்கள். தண்ணீர் பட்டதும் வீறிட்டு அழுதது.

முடிந்த பிறகு போதகர் பதிவேட்டைத் திறந்து எழுதினார். குழந்தையின் பெயர், தாய், தகப்பன், அதன் கீழே என் பெயர். "என்ன தொழில்னு போடறது?" என்று கேட்டார்.

"இப்ப நிக்கிற வேலை பார்க்கிறார்" என்றாள் சின்னவள். மனைவி சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. போதகர் ஒன்றும் புரியாமல் காவலர் என்று எழுதிக்கொண்டார்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டி, பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்து போட்டேன்.