தானே எழாத பதிப்பு

பவுடர் வாசனை இன்னும் என் கையில் இருக்கிறது. தண்ணீர் மெத்தை ஒரு வீட்டிலிருந்து திரும்பி வந்தால் நீரை வடித்து, துடைத்து, நிழலில் உலர்த்தி, ரப்பர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பவுடர் தூவி மடிக்க வேண்டும். அதை எப்போதும் நாம் இருவருமாகத்தான் செய்வோம். நீங்கள் ஒரு முனை, நான் ஒரு முனை. இன்று காலை, படுத்த நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற நம் பாலியேட்டிவ் அறையில், நான் மட்டும் மடித்தேன். இந்தப் பக்கத்தை மடித்துவிட்டுச் சுற்றிப் போய் அந்தப் பக்கத்தைப் பிடிப்பதற்குள் இது விரிந்துவிடுகிறது. நீங்கள் கடைசியாகப் படுத்திருந்த மெத்தை அது.

உங்கள் மனைவியே ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களை நானும் அக்கா என்பதற்கு இத்தா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே, "அவங்க சொல்லிட்டுத்தான் போனாங்க சாமி, மெத்தை நம்ம வீட்ல சும்மா கிடக்கப்படாதுன்னு. எனக்குத்தான் அந்தக் கட்டில வெறுமனே பார்க்க முடியல" என்றார்கள். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். ரசீது வேண்டுமா என்று கேட்டேன்.

நர்ஸ் லிஸி சிஸ்டர் பையோடு தயாராக நின்றிருந்தார். போர்ட் கொச்சியில் படுக்கையில் கிடக்கும் வயதான ஓர் அம்மச்சிக்கு முதுகில் புண் வைக்க ஆரம்பித்திருக்கிறது.

"சாமி, இன்னிக்கே கொடுக்கலாமல்லே?"

"கொடுக்கலாம். முதல்ல கம்ப்யூட்டர்ல ஏத்தணும்."

"அப்போ ஏத்துங்க."

"ஏத்தணும்" என்றேன் மறுபடியும். எந்தச் சாமான் எந்த வீட்டில் என்று எழுதி வைக்கிற, சுவரிலிருந்த வெள்ளைப் பலகையைக் கமிட்டிக்காரர்கள் நேற்றே கழற்றிவிட்டார்கள். இனி நாம் கட்டிய டேட்டாபேஸ்தான். அதன் முதல் உண்மையான பதிவை இன்று நான் போட வேண்டும். நீங்கள் பக்கத்தில் இல்லாமல்.

இதை ஏன் தொடங்கினோம் என்பதை நான் மறக்கவில்லை. கொச்சங்காடியில் ஒரு வீட்டில், ஆள் இறந்து வெகுநாளான பிறகும், நம்முடைய மூச்சுக் கருவி அலமாரிக்கு மேல் கிடந்தது. அது எங்கே என்று பலகையில் எழுதியிருந்ததை யாரோ கையால் அழித்துவிட்டிருந்தார்கள். அதே நாட்களில் இன்னொரு வீட்டில் ஒருவர் கருவிக்குக் காத்திருந்தார், கிடைக்காமலே போனார். அந்தச் சாவு வீட்டிலிருந்து பஜார் வழியே திரும்பினோம். சுக்கு மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்த கிட்டங்கியின் முன்னால் நின்று, "சாமி, எனக்குத் தெரிஞ்ச வேலை ஒண்ணே ஒண்ணுதான். அத இதுக்குச் செய்யலாம்" என்றீர்கள்.

உங்களுக்குத் தெரிந்த வேலை, பெரிய கம்பெனிகளின் டேட்டாபேஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது. நானோ கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். சேர்லாய்ப் பகுதியில் தனியாக வாசம்; பேச ஆளில்லாததால் பாலியேட்டிவ் கூட்டத்துக்கு வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தவன். என்னைவிட நீங்கள் இளையவர். ஆனாலும் ஊரே உங்களை அண்ணன் என்கிற பொருளில் இக்கா என்றதால் நானும் இக்கா என்றேன். நாலு கட்டிலுக்கும் பத்து மெத்தைக்கும் இவ்வளவு பெரிய சர்வரா என்று நான் தயங்கியபோது, "எனக்குப் பழகின கத்தி இதுதான் சாமி. வெண்டைக்கா நறுக்கவும் இதையேதான் எடுப்பேன்" என்றீர்கள்.

விலை கேட்டு நான் பயந்தேன். அப்போதுதான் டெவலப்பர் எடிஷன் என்று ஒன்று இருப்பதைச் சொன்னீர்கள். லட்சக்கணக்கில் விற்கிற பெரிய பதிப்பில் உள்ளதெல்லாம் அதில் உண்டு, காசு வேண்டாம். கட்டிப் பார்க்கலாம், சோதித்துப் பார்க்கலாம். உண்மையான வேலைக்கு மட்டும் வைக்கக் கூடாது.

"வச்சா யார் பாக்கப் போறா?" என்று கேட்டேன். தைரியத்தில் கேட்கவில்லை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் கேட்டேன்.

"நான் பாப்பேனே" என்றீர்கள்.

ஆகவே, உண்மையான ஒரு பெயர்கூட அதற்குள் வரக் கூடாது என்று விதி வைத்தீர்கள். நோயாளிகளை நாமே உண்டாக்கினோம். மாலை முழுக்க அதுதான் நமக்கு வேலை. குருமுளகு குஞ்ஞப்பன், ஜாதிக்கா ஜானகி, சேர்லாய் சுப்பையர். ஜன்னல் வழியாக எந்த மூட்டையின் வாசனை வந்ததோ அதுவே பெயராயிற்று. சுப்பையர் மட்டும் என் பங்கு. அவருக்கு நான் சர்க்கரை நோயும் முன்கோபமும் கொடுத்தேன். "முன்கோபத்துக்கு டேபிள்ல இடமில்ல சாமி" என்று சிரித்தீர்கள். பிறகு, குறிப்பு என்று ஒரு கட்டம் சேர்த்தீர்கள், அவருக்காகவே.

அந்தப் பதிப்புக்குத் தானே எழத் தெரியும். காலை ஆறு மணிக்கு அது விழித்து, அன்று யார் யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று எடுத்து, பிரிண்டருக்கு அனுப்பும். அதைச் சோதிக்க ஓட விட்டுவிட்டு நாம் சாயா குடிக்கப் போனோம். லிஸி சிஸ்டர் வந்தார், தாளை எடுத்தார், நடந்தார். மத்தியானம் வேர்க்க விறுவிறுக்கத் திரும்பினார்.

"எந்தா சாமி இது? சேர்லாய் முழுக்க நடந்தாச்சு. எங்கே உங்க சுப்பையர்?"

நீங்கள் அவர் கையிலிருந்த தாளை வாங்கப் பார்த்தீர்கள். அவர் விடவில்லை. "சாயாக்கடைச் சேட்டன் சொல்றார், அவரோட மோன் துபாயில இருக்கானாம், காசே அனுப்பறதில்லையாம். கோயில் பக்கத்துல ஒரு மாமி, 'ஐயோ, படுத்துட்டாரா? போன மாசம்கூடப் பாத்தேனே, கோவிச்சுண்டு போனாரே'ன்னு ஒரே சங்கடம்."

நீங்கள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தீர்கள். "சாமி, கட்டத்துல போட்ட கோபம் தெருவுக்குப் போயிருச்சு!" சிஸ்டர் விஷயம் புரிந்ததும் தாளைச் சுருட்டி உங்கள் தோளில் அடித்தார். அன்றே பிரிண்டரின் கம்பியைப் பிடுங்கினோம். ஆனால் சிஸ்டர் அதன் பிறகு எத்தனையோ நாள், அறைக்குள் நுழையும்போதே "சுப்பையருக்கு எப்படி இருக்கு?" என்று கேட்பார். "கோபம் குறையலை" என்பீர்கள்.

எனக்கோ சந்தேகங்கள் ஓயவில்லை. ஒரே மெத்தை இரண்டு பேருக்குப் போய்விட்டால்? ஒரே வீட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால்? கொடுத்த நாளுக்கு முன்பே திரும்பி வந்த நாள் விழுந்துவிட்டால்? ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டுப் போட்டீர்கள். யாரிடமிருந்து திரும்பியது என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாதபடி செய்ததும் என் நச்சரிப்பால்தான். "தப்பா வந்துடுத்துன்னா?" என்று நான் கேட்காத நாள் இல்லை. ஒரு நாள் நீங்கள் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்து, "டெஸ்ட் தீராது சாமி. நாமதான் தீருவோம்" என்றீர்கள். விளையாட்டாகத்தான் சொன்னீர்கள். அப்போது உங்களுக்கு நோய் ஒன்றும் இல்லை.

பிறகு மெத்தை உங்கள் வீட்டுக்கே போயிற்று. நான் பார்க்க வந்த மாலைகளில் உடம்பைப் பற்றிக் கேட்கத் தெரியாமல் டேட்டாபேஸைப் பற்றியே கேட்டேன். நீங்களும் அதற்கே பதில் சொன்னீர்கள். உண்மை வேலைக்கு, அதே கம்பெனி இலவசமாகத் தருகிற சின்னப் பதிப்பைப் போட வேண்டும். அதில் இடம் குறைவு, வசதி குறைவு, நமக்கு அது தாராளம். "ஒண்ணே ஒண்ணு சாமி. அதுக்குத் தானா எழுந்திரிக்கத் தெரியாது. ஆறு மணி வேலை அதுல இல்ல. காலைல நீங்க போய் எழுப்பணும். நீங்க எழுப்பினாத்தான் சிஸ்டர் கையில தாள் வரும்."

"ஒரு நாள் எனக்குப் போக முடியலைன்னா?"

"போவீங்க" என்றீர்கள். கண்ணை மூடிக்கொண்டீர்கள். தூங்கிவிட்டீர்கள் என்று நினைத்து மெதுவாக எழுந்தேன். "பேடிக்காதீங்க, பயம் வேண்டாம்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அதன் பிறகு நாம் வேலையைப் பற்றிப் பேசவில்லை.

நீங்கள் போன பின், அந்த டெவலப்பர் எடிஷன் உள்ள பழைய கம்ப்யூட்டரை என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதற்குக் காலக்கெடு கிடையாது. தினமும் ஆறு மணிக்கு அது எழுகிறது. சுப்பையரைப் பார்க்கப் போகச் சொல்கிறது. ஜானகிக்குக் கட்டு மாற்ற வேண்டும் என்கிறது. அந்த ஊரில் யாரும் சாவதில்லை. ஒரு சாயங்காலம், உங்களையும் அவர்களோடு சேர்த்துவிடலாமே என்று தோன்றியது. பெயர்க் கட்டத்தில் உங்கள் முதலெழுத்தைக்கூட அடித்துவிட்டேன். உண்மையான பெயர் ஒன்றுகூட வரக் கூடாது. விதி உங்களுடையது. அழித்தேன்.

இன்று காலை, சிஸ்டர் என் முதுகுக்குப் பின்னால் நிற்க, சின்னப் பதிப்பைத் திறந்தேன். நீங்கள் கட்டிய அதே டேபிள்கள், காலியாக. மெத்தையின் எண்ணைப் போட்டேன். திரும்பியது என்று போட்டேன். யாரிடமிருந்து? அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தேன். விடவில்லை. நீங்கள் போட்ட பூட்டு, நான் கேட்டு வாங்கிய பூட்டு.

உங்கள் பெயரை எழுதினேன். முழுப் பெயர், வீட்டுப் பெயரோடு. எழுத்து சரியா என்று இரண்டு முறை பார்த்தேன். மூன்றாவது முறை பார்க்கும்போது சிஸ்டர், "சரியாத்தான் இருக்கு சாமி" என்றார். சேமித்தேன். அடுத்த வரியில் போர்ட் கொச்சி அம்மச்சி. மெத்தை ஆட்டோவில் ஏறியது. சிஸ்டர் ஏறுவதற்கு முன், "சுப்பையருக்கு எப்படி இருக்கு?" என்றார். உங்கள் பதிலை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது இக்கா. சின்னப் பதிப்பைப் பற்றிச் சந்தேகம் தீராமல் இணையத்தில் தேடிப் படித்தேன். அதற்குத் தானே எழத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் கம்ப்யூட்டரிலேயே இருக்கிற ஒரு கடிகாரத்தைக் கொண்டு காலையில் அதை எழுப்பிவிடலாமாம். சில நிமிட வேலையாம். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம். ஆயுள் முழுக்க இந்தத் தொழில் செய்த உங்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்குமா? வலியில் மறந்தீர்களா, அல்லது சேர்லாயில் ஒருவன் காலையில் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு வெளியே வர ஒரு காரணம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டீர்களா? எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாதவன் நான். இதைச் சோதிக்க வழியில்லை.

செய்முறையைப் படித்து முடித்து அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். கடிகாரம் வைக்கவில்லை. நாளைக்கு நானே போய் எழுப்புகிறேன்.