எலிக்குக் கொடுத்த பந்து

நவம்பர் 12

இன்றைக்கும் நான்தான். பாஸ்கெட்பால் பயிற்சி முடியும்போது யாராவது ஒருத்தன் இரண்டு ஃப்ரீ த்ரோ போட வேண்டும். இரண்டும் விழுந்தால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். விழாவிட்டால் மொத்த டீமும் கோர்ட்டின் அந்த முனைக்கும் இந்த முனைக்கும் ஓட வேண்டும். கோச் வைத்திருக்கும் வழக்கம் இது. முன்பெல்லாம் ஆளுக்கு ஒரு நாள் வரும். இப்போது தினமும் என்னையே கூப்பிடுகிறார். தண்ணீரில் தள்ளிவிட்டால் நீச்சல் வந்துவிடும் என்பது அவர் கணக்கு. எனக்கு மூச்சுதான் முட்டுகிறது.

முதல் பந்து ரிங்கில் இடித்துத் திரும்பி வந்தது. இரண்டாவது ரிங்கையே தொடவில்லை. "ஏணி, நீ இருக்கறவரைக்கும் நம்மள்ல யாருக்கும் தொப்பை விழாதுடா" என்றான் எலி. அவன்தான் கேப்டன், டீமிலேயே குள்ளன். நான் நெட்டை. அதனால் அவன் எலி, நான் ஏணி. எல்லோரும் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். நானும் சிரித்தேன்.

போன வருஷம் பேசிக்கொண்டே போடுவேன். அதே கைதானே? என்ன வந்தது இதுக்கு?

நவம்பர் 15

அக்கா பல் ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தாள். என் மூஞ்சி ஏன் இப்படித் தொங்குகிறது என்று விசாரணை. விளக்கினேன். எதிராளி நம்மை அடித்துவிட்டால், கோட்டில் போய் நின்று, யார் குறுக்கீடும் இல்லாமல் பந்து போட விடுவார்கள், அதுதான் ஃப்ரீ த்ரோ என்று. மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"யாரும் தடுக்க மாட்டாங்க, மேல வந்து விழ மாட்டாங்க, சும்மா நின்னு போடணும். இதுல என்னடா கஷ்டம்?"

அதுதான் அக்கா கஷ்டம். எவனாவது மேலே விழுந்தால் போட்டுவிடுவேன். சும்மா நின்றால் யோசனை வருகிறது. முழங்கை எங்கே இருக்கிறது, மூச்சை எப்போது விடுவது... படியில் இறங்கும்போது எந்தக் காலை வைக்கிறோம் என்று யோசித்தால் தடுக்குமே, அந்த மாதிரி.

வளர்கிற பையனுக்குச் சத்துப் பற்றவில்லை என்று அம்மா தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். இன்னும் எங்கே வளர்வது? இப்பவே நிலைப்படி இடிக்கிறது.

டிசம்பர் 6

கண்டுபிடித்துவிட்டார்கள்.

இன்றைய எதிர் டீம் ஆட்டத்தின் பின்பாதியில் என்ன செய்தது தெரியுமா? எனக்குப் பந்து வந்தவுடனே, பந்தைத் தட்டுகிற மாதிரி என் கையில் ஒரு போடு. விசில். போய்க் கோட்டில் நில். மறுபடி பந்து, மறுபடி அடி, மறுபடி கோடு. நான் கோட்டுக்கு நடக்கும்போதெல்லாம் அவர்கள் பெஞ்சில் ஒரே குஷி. ஒன்றுகூட விழவில்லை. கடைசி நிமிடங்களில் கோச் என் முகத்தைப் பார்க்காமல், "வாப்பா, உக்காரு" என்றார். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஜெயித்தோம். நான் வெளியே வந்த பிறகு.

டிசம்பர் 7

கை நடுங்கவில்லை. நடுங்கினாலாவது டாக்டரிடம் காட்டலாம்.

டிசம்பர் 19

எழுதவே பிடிக்கலை.

பயிற்சி முடிந்தது. கோச் பந்தை என் கையில் கொடுத்தார். திரும்பிப் பார்க்கிறேன் — எல்லோரும் போய் ஓடுகிற இடத்தில் நிற்கிறார்கள். நான் இன்னும் போடவே இல்லை. கிண்டல் இல்லை. ஒருத்தனும் சிரிக்கலை. ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு, எப்படியும் ஓடத்தானே போகிறோம் என்று நிற்கிறார்கள். பழகிப்போச்சு அவனுங்களுக்கு.

எலிதான் கத்தினான். "டேய், அவன் போடட்டும்டா முதல்ல. இங்க வாங்கடா." தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தார்கள். போட்டேன். விழவில்லை. திரும்ப அங்கேயே போனார்கள்.

நாலு அறை விட்டிருந்தாக்கூட இப்படி வலிச்சிருக்காது.

ஜனவரி 9

எலி தினமும் காலையில் எனக்காக முன்னாடியே வருகிறான். பந்தை எடுத்து எடுத்துக் கொடுக்கிறான். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தால் எல்லாம் விழுகிறது! ஒன்றன்பின் ஒன்றாக. அவன் சந்தோஷத்தில் ஒரு குத்தாட்டமே போட்டான். "கை நல்லாத்தான் இருக்கு. ரிப்பேர் உன் மண்டையிலதான்" என்றான்.

அவனுக்கு இது கடைசி வருஷம். கல்லூரி முடிந்ததும் மாமாவின் டைல்ஸ் கடையில் உட்கார வேண்டும், பேசி முடித்தாகிவிட்டது. எங்கள் கல்லூரி இதுவரை அரையிறுதிக்குப் போனதில்லை. கடைசி லீக் ஆட்டத்தை ஜெயித்தால் போகலாம். "ஒரே ஒரு தடவைடா, அப்புறம் ஆயுசு பூரா டைல்ஸ் விக்கறேன்" என்கிறான். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறான். ஆனால் அவன் கேட்பது அது ஒன்றைத்தான். அதற்கான நேரத்தை என்மேல் ஏன் கொட்டுகிறான்?

ஜனவரி 24

கடைசி லீக் ஆட்டம். ஒரு புள்ளி பின்னால். சில நொடிகள்தான் மிச்சம். எலி உள்ளே புகுந்தான். இரண்டு பேர் அவன்மேல் பாய்ந்தார்கள். இடுக்கில் பந்தை எனக்குத் தள்ளிவிட்டு மூலைக்கு ஓடினான். நான் ரிங்குக்கு அடியில் நிற்கிறேன். எழும்பி வைத்தால் போதும்.

எதிராளி ஒருத்தன் கையை ஓங்கிக்கொண்டு வருவது தெரிந்தது. அடிப்பான். விசில் ஊதும். கோட்டில் நிற்கணும். எல்லாரும் பார்ப்பாங்க. ரிங் என் தலைக்கு மேலே இருந்தது, அதை நான் பார்க்கவே இல்லை. கோட்டைத்தான் பார்த்தேன். அய்யோ, கையிலிருந்து போனா போதும்னு பந்தை மூலைக்கு விட்டெறிந்தேன்.

எலி போட்டான். ரிங்கில் சுற்றி வெளியே வந்தது. மணி அடித்துவிட்டது.

அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். கோச் என்னைத் தாண்டிப் போகும்போது முதுகில் தட்டினார். "நல்ல பாஸ்ப்பா. மூணு பேரும் உள்ள இருந்தாங்க, அவன் தனியா நின்னான். தானே போடணும்னு நினைக்காம கொடுத்த பாரு." குத்திக் காட்டுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை. மனதாரச் சொல்கிறார்.

ஜனவரி 25

எலி போனை எடுக்கவில்லை.

பிப்ரவரி 2

அவன் கல்லூரிக்கே வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அவன் அண்ணன் கதவைத் திறந்து, "நீயாவது பேசுப்பா" என்று உள்ளே விட்டார். எலி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"தங்கத் தட்டுல வச்சுக் கொடுத்த. கோட்டை விட்டுட்டேன்" என்றான்.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். பயந்தேன் என்று. கோட்டில் நிற்கக் கூடாது என்றுதான் எறிந்தேன், நீ நிற்கிறாயா என்றுகூடப் பார்க்கவில்லை என்று. நான் எழும்பியிருந்தால் நாம் ஜெயித்திருப்போம் என்று.

கேட்டான். எழுந்து உட்கார்ந்தான். என் தோளில் கையை வைத்தான். "எனக்காக இப்படியெல்லாம் பேசாதடா. உன் மனசு எனக்குத் தெரியாதா?"

சத்தியம் பண்ணினேன். பண்ணப் பண்ண அவன் கண்தான் கலங்குகிறது. இனி எப்படித்தான் சொல்வது? பொய் சொன்னா நம்புவானோ என்னவோ. உண்மையைச் சொன்னா, என்னை மாதிரி நல்லவன் இல்லைங்கறான்.

பிப்ரவரி 5

கோச்சிடமும் சொன்னேன். "பழியைப் பங்கு போட்டுக்கற பாரு" என்று நெகிழ்ந்துபோனார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மார்ச் 3

கடைசிக் கூட்டம். அடுத்த வருஷக் கேப்டனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதுப் பையன்களுக்காகக் கோச் அந்த பாஸை முதலிலிருந்து சொன்னார். அவர் சொல்லக் கேட்டால் எனக்கே அது நல்ல பாஸாகத் தெரிகிறது. பிறகு என் பெயரைச் சொல்லி, சம்மதம் என்றால் கையைத் தூக்குங்கள் என்றார்.

எலி இளைத்திருக்கிறான். அவன் கைதான் முதலில் எழுந்தது.

வேண்டாம் என்று சொல்லத்தான் எழுந்தேன். கைதட்டினார்கள். தட்டி முடிக்கும்வரை நின்றேன். எலி என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான், அந்த ஆட்டத்துக்குப் பிறகு முதல் தடவையாக.

நன்றி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.