எதற்குச் சாட்சி?

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே புழுக்கம். நான் மதம் மாறவில்லை. தெருவில் சொல்வது தவறு. ஞானஸ்நானம் எதுவும் இல்லை, நெற்றியில் விபூதி இருக்கிறது. நேற்று ஒரு சபையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன், அவ்வளவே. அழைத்தவள் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா. போன மாதம் குளியலறையில் நான் வழுக்கி விழுந்தபோது தாழ்ப்பாளை உடைத்துத் தூக்கியவள். எப்படி மறுப்பது.

பார்த்தவை: பீங்கான் பொம்மை செய்த பழைய கொட்டகை. தகரக் கூரை, நீல பிளாஸ்டிக் நாற்காலிகள். செருப்பு வாசலில், கோயில் போலவே. பத்து மணி என்றார்கள். தொடங்கும்போது பத்து இருபது. அங்கி இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. பாஸ்டருக்கு மற்ற நாட்களில் டைல்ஸ் கடை. பாட்டு வரிகள் திரையில், மூன்று எழுத்துப் பிழை. டிரம்ஸ் அதிகம். நான் படித்த கான்வென்ட் ஜெபக்கூடத்தில் எங்களுக்கு இருமவே பயம். இங்கே குழந்தைகள் தவழ்கின்றன. முடிவில் டீ, சேமியா. சேமியாவில் உப்பில்லை.

நடுவில் பாஸ்டர், "புதுசா வந்திருக்கிற அம்மா சாட்சி சொல்லலாமே" என்றார். வக்கீல் மனைவி நான். கோர்ட்டில் சொல்வதுதான் எனக்குச் சாட்சி.

"எதுக்குச் சாட்சி?"

சிரிப்பு. "கர்த்தர் உங்களுக்குச் செஞ்சத சொல்லுங்கம்மா."

அது எனக்குத் தெரியாது. ஸ்டெல்லா செய்தது தெரியும். எழுந்து, கிழமை, நேரம் உட்படச் சொன்னேன். "அல்லேலூயா" என்று கைதட்டல். யாரோ போனில் படம் பிடித்தார்கள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மிளகாய், பெருங்காயம், சோப்பு. மளிகைக் கடையில் என் முதுகுக்குப் பின்னால்:

"வக்கீல் வூட்டம்மா சாட்சியே சொல்லிட்டாங்களாம்."

"அப்ப இனிமே பொங்கலுக்குப் பதிலா கேக்கு குடுப்பாங்களா?"

"அந்தம்மா கேக்குலயும் குத்தம் கண்டுபிடிக்கும், போ."

சரியான கணிப்பு.

சாட்சி சொன்னால் சபையில் சேர்ந்ததாக எடுத்துக்கொள்வார்களாம். ஸ்டெல்லா இன்றுதான் சொன்னாள். "முன்னாடியே சொல்லியிருக்கணும், தப்பா எடுத்துக்காதீங்கம்மா."

"நான் சொன்னதுல ஏதாவது பொய் உண்டா?"

"இல்லீங்கம்மா."

"அப்புறம் என்ன. டீய குடி."

ஆகஸ்ட் 6, புதன்

சென்னையிலிருந்து மகன் சீனு போன். படம் அவனுக்கும் போயிருக்கிறது.

"நீங்க சாமி மாறிட்டீங்க. அப்பா திவசத்த நான் இங்கயே பாத்துக்கறேன். அந்த வூட்டுல வேணாம்."

மாறினீர்களா என்று கேட்கவில்லை. நேரே தீர்ப்பு. விளக்கவில்லை, வைத்துவிட்டேன்.

இடது முழங்கால் வலி. தைலம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இரண்டு தூறல். சீனுவுக்கு எழுதியதன் நகல்:

'நான் மாறவில்லை. ஒரு பெண் என்னைக் காப்பாற்றினாள் என்று நாற்பது பேர் முன்னால் சொன்னேன். மறுபடி கேட்டாலும் சொல்வேன். நான் விழுந்ததை உனக்குத் தெரிவிக்கவில்லை. நீ பதறுவாய் என்று அல்ல. தெரிந்தும் வராமல் இருந்துவிட்டால் என்று. அப்பா திவசம் ஆவணி வளர்பிறை தசமி. அவர் இருந்த இந்த வீட்டில்தான் நடக்கும். வருகிறாயா, இல்லையா? போன் வேண்டாம். எழுதி அனுப்பு.'